நம் முறைக்கும் சேர்த்துக் காவல் நின்றவர்கள்

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் நன்றாக விழும் இடங்களுக்கு அங்கே 'பாடு' என்று பெயர். எந்தப் பாடு, எந்த நாள், யாருடைய முறை என்பதைக் குப்பத்துக்காரர்களே கூடிப் பேசி, சீட்டுப் போட்டு முடிவு செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது.

இதன் நியாயம் எளிமையானது. மீன் கிடைக்கும் நல்ல இடம் ஒரே வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஒன்றும் கிடைக்காத இடம் ஒரே வீட்டின் தலையில் விழவும் கூடாது. நல்லதும் கெட்டதும் முறை வைத்துச் சுற்றி வர வேண்டும்.

தமிழில் 'பாடு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கஷ்டம், உழைப்பு. "அவர் பட்ட பாடு" என்கிறோம் அல்லவா, அது. நாட்டின் எல்லையிலும் கடலிலும் காவல் நிற்பதும் ஒரு பாடுதான். ஆனால் அந்தப் பாட்டுக்கு நம் நாட்டில் சீட்டுப் போடுவதில்லை. எல்லா வீட்டுக்கும் முறை வருவதும் இல்லை.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967 முதல் அங்கே இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களான தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் படிப்பை நிறுத்திவிட்டு இரண்டு ஆண்டுகள் சீருடை அணிகிறார்கள். தென் கொரியாவிலும் இஸ்ரேலிலும் இதே கதைதான். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் கிடையாது. 140 கோடிப் பேர் வாழும் நாட்டில், தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் சேர்த்தால் சுமார் 14 லட்சம் பேர். அதாவது ஆயிரத்தில் ஒருவர். மீதி 999 பேரின் முறையையும் அந்த ஒருவரே பார்த்துவிடுகிறார்.

அந்த ஒருவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, நாம் அவருக்கு என்ன செய்கிறோம்?

கரைக்குத் தெரியாமல் நடந்த போர்

லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று பழவேற்காட்டின் கடலோரக் கிராமங்கள் வங்கக் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. 1971-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்தக் கரைக்கு எதிரே, கண்ணுக்குத் தெரியாமல் ஓர் ஆபத்து நடமாடியது.

அப்போது இந்தியாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விக்ராந்த். அதன் கொதிகலன் ஒன்று பழுதாகி, முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. அதை மூழ்கடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கிக் கப்பல் நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு வந்து, சென்னைக்கு அருகே விக்ராந்தைத் தேடியது என்கின்றன கடற்படை வரலாற்றுப் பதிவுகள். பிறகு அது விசாகப்பட்டினம் பக்கம் திரும்பியது. சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போகிற எந்தக் கப்பலும் பழவேற்காட்டுக்கு நேரான கடலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

விக்ராந்த் சென்னையிலும் இல்லை, விசாகப்பட்டினத்திலும் இல்லை. அந்தமான் தீவுகள் பக்கம் ரகசியமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்ப வைத்தார் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் விசாகப்பட்டினம் வியாபாரிகளிடம் கேட்கப்பட்டன. செய்தி எப்படியும் ஒற்றர்கள் காதுக்குப் போகும் என்பது கணக்கு. ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய போர்க்கப்பல் கடலுக்குள் சென்று, விக்ராந்த் பேசுவது போலவே வானொலிச் செய்திகளை அனுப்பியது. எதிரியின் குண்டு எந்த நேரமும் தங்கள் மேல் பாயலாம் என்று தெரிந்தே அந்தக் கப்பலின் மாலுமிகள் அந்த வேலையைச் செய்தார்கள்.

டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்கு வெளியே பெரும் வெடிச்சத்தம். காஸி மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் மூழ்கியது என்கிறது இந்தியா. அது விதைத்த கண்ணிவெடியே அதைச் சிதைத்தது என்கிறது பாகிஸ்தான். உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுக்கும் வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு.

காஸி மூழ்கிய தடயத்தை முதலில் கண்டெடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். கடலில் மிதந்த பொருட்களை அவர்கள் கடற்படையிடம் ஒப்படைத்த பிறகுதான், கீழே மூழ்கிக் கிடப்பது எந்தக் கப்பல் என்ற தேடல் தொடங்கியது. கடல் காவலில் மீனவருக்கும் மாலுமிக்கும் உள்ள உறவு அத்தனை பழையது.

டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் விமானங்கள் கிழக்கு வங்கத்தின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. மேற்கே, டிசம்பர் 9 அன்று ஐ.என்.எஸ். குக்ரி கப்பல் டையூ அருகே மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். தப்பிக்க வாய்ப்பிருந்தும் கப்பலை விட்டு இறங்காமல் அதனுடனேயே மூழ்கினார் கேப்டன் மகேந்திர நாத் முல்லா. டிசம்பர் 16-ல் போர் முடிந்தது.

அந்த நாட்களில் பழவேற்காட்டில் ஏரிக்குப் போன தோணிகள் திரும்பி வந்தன. அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் தூங்கினார்கள். அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்பது கரையில் யாருக்கும் தெரியாது. அன்று 20 வயதில் இருந்த மாலுமிக்கு இன்று 70-ஐத் தாண்டிய வயது. பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில்கூட அவர் இருக்கலாம்.

போர் இல்லாத நாளின் காவல்

"இப்போதுதான் போர் இல்லையே" என்று தோன்றலாம். போர் இல்லாத நாளில்தான் படைவீரர்களின் பெரும்பாலான வேலை நடக்கிறது.

2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிமலையில், 19,000 அடிக்கும் மேலே, ஒரு காவல் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. புதைந்து உயிரிழந்த 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள். 1758-ல் தொடங்கும் வரலாறு கொண்ட, தமிழக இளைஞர்கள் நிறையப் பேர் சேரும் படைப்பிரிவு அது. வெயிலும் உப்புக்காற்றும் பழகிய உடல்கள், மூச்சு விடவே காற்றுப் போதாத உயரத்தில் காவல் நின்றன. அன்று அங்கே ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்கவில்லை.

2004 டிசம்பர் 26-ஐ பழவேற்காடு மறக்காது. சுனாமி கடலோரக் குப்பங்களுக்குள் புகுந்தது. வீடு, வலை, படகு எல்லாம் போயின. தமிழக, ஆந்திரக் கரைகளுக்கான மீட்புப் பணியை 'ஆபரேஷன் மதத்' என்ற பெயரில் கடற்படை தொடங்கியது. மதத் என்றால் உதவி. அதே காலையில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தையும் அலை விழுங்கியது. வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர் பிழைத்த வீரர்கள் தங்கள் வீட்டுத் துக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விமானங்கள் இறங்க ஓடுபாதையைச் சரிசெய்தார்கள்.

2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கடல் காவலில் மீனவர்களின் பங்கு எவ்வளவு பெரியது என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. அடையாள அட்டைகள், படகுப் பதிவுகள், கடலோரக் காவல் ஒத்திகைகள் எல்லாம் வந்தன.

கடலில் படகு கவிழ்ந்தாலும், இயந்திரம் நின்று திசை தெரியாமல் தவித்தாலும் அழைக்க வேண்டிய எண் 1554. இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் அது. பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் காட்டுப்பள்ளியில் கட்டப்பட்ட ரோந்துக் கப்பல்கள் ஏழு, 2018 முதல் 2021 வரை அந்தப் படையில் சேர்ந்திருக்கின்றன.

திரும்பி வந்த பிறகு

ஒரு சாதாரண சிப்பாயோ மாலுமியோ பெரும்பாலும் 35 முதல் 45 வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடுகிறார். மற்ற வேலைகளில் பதவி உயர்வு கிடைக்கிற வயது அது. பெரிய பிள்ளை பத்தாம் வகுப்பிலோ கல்லூரியிலோ இருக்கும். வீட்டுக்கடன் பாதியில் நிற்கும். அந்த நேரத்தில் அவர் மறுபடியும் முதலிலிருந்து வேலை தேட வேண்டும். கப்பலின் ரேடாரை இயக்கியவர், நூறு பேருக்கான தளவாடத்தைக் கணக்கு வைத்தவர், கடைசியில் ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியாக உட்கார்வதை நாம் தினமும் பார்க்கிறோம். அவர் பெயரைக்கூடக் கேட்பதில்லை.

இந்தக் கணக்கில் மனைவியின் பாடு எழுதப்படுவதே இல்லை. கணவர் கடலிலோ எல்லையிலோ இருந்த ஆண்டுகளில் பிரசவம், பள்ளிச் சேர்க்கை, மாமியாரின் மருத்துவமனை, ரேஷன் கடை வரிசை எல்லாம் அவர் தலையில்தான். மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு இது புரியும். கடலுக்குப் போனவர் திரும்பும் வரை வாசலைப் பார்த்திருப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கணவர் காலமான பிறகு வேறொரு சிக்கல் ஆரம்பிக்கிறது. படைப் பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் குடும்ப ஓய்வூதியம் தள்ளிப் போகும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து திருவள்ளூர் என்று பேருந்து மாறி மாறி அலைகிற ஒரு முதிய பெண்ணுக்கு, "வீரரின் மனைவி" என்ற பட்டத்தைவிட ஒரு சரியான சான்றிதழ்தான் பெரிய உதவி.

அரசும் சிலவற்றைச் செய்திருக்கிறது. 2003-ல் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம் வந்தது. எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கு, ஒரே பணிக்காலத்துக்கு ஒரே ஓய்வூதியம் வேண்டும் என்று முதியவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடிய பிறகு, 2015-ல் அதற்கான அறிவிப்பு வந்தது. தமிழக அரசு 2024-ல் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ரூ.1 கோடி வரை கடனும், அதில் 30 சதவிகித மூலதன மானியமும், 3 சதவிகித வட்டி மானியமும் தருவதாகச் சொல்கிறது. திட்டங்கள் இருக்கின்றன. அவை கடைசிக் குப்பம் வரை போய்ச் சேர்வதில்தான் கேள்வி.

இனி திரும்பப் போகிறவர்கள்

இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி ஒடிசாவின் சிலிகா. இரண்டாவது, பழவேற்காடு. சிலிகாவின் கரையில்தான் 'ஐ.என்.எஸ். சில்கா' என்ற கடற்படைப் பயிற்சி மையம் இருக்கிறது. மாலுமியாகச் சேர்கிற பிள்ளைகளின் முதல் பயிற்சி அங்கேதான். ஓர் ஏரிக்கரையில் பிறந்த பிள்ளை இன்னோர் ஏரிக்கரையில் மாலுமி ஆகிறான்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் சேர, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது. நீச்சலும் காற்றும் நீரோட்டமும் அறிந்த பிள்ளைகளுக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்றது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது.

2022-ல் அக்னிபத் திட்டம் வந்தது. சேருகிறவர்களுக்கு நான்கு ஆண்டுப் பணி. அவர்களில் 25 சதவிகிதம் பேர் வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் சுமார் ரூ.11.7 லட்சம் 'சேவா நிதி'யுடன் வீடு திரும்புவார்கள். ஓய்வூதியம் கிடையாது. கடற்படையின் முதல் அணி 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்தது. அதில் பெண்களும் இருந்தார்கள்.

திட்டம் சரியா தவறா என்ற விவாதம் தொடரட்டும். ஆனால் இனி 'முன்னாள் வீரர்' என்றால் நரைத்த மீசை மட்டும் அல்ல. 22, 23 வயதுப் பையன்களும் பெண்களும் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு நம் தெருக்களுக்குத் திரும்பி வருவார்கள். பணம் தீர்வதற்குள் வேலை வேண்டும், படிப்பைத் தொடர வேண்டும். "ராணுவத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாமே" என்று ஊர் பேசுமா, "நாலு வருஷம் நமக்காக நின்றுவிட்டு வந்திருக்கிறான்" என்று பேசுமா? அந்தப் பிள்ளையின் அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்தப் பேச்சுக்கும் ஒரு பங்கு இருக்கும்.

நன்றி என்றால் தலையாட்டுவது அல்ல

படைவீரரை மதிப்பது என்றால், சீருடை அணிந்தவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்வது அல்ல. கடலோர மக்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. போகாத நாள், கூலி இல்லாத நாள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தங்கள் மீன்பிடித் தொழிலை அழித்துவிடும் என்று அதே மக்கள் ஆண்டுக் கணக்கில் எதிர்த்து நிற்கிறார்கள். 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பகுதியில் நம் கடற்படை சுட்டதில் தமிழக மீனவர் ஒருவரே காயமடைந்தார்.

இவற்றைக் கேள்வி கேட்பது மக்களின் உரிமை. கேட்கவும் வேண்டும். கொள்கையை வகுப்பவர் வேறு, பனியிலும் அலையிலும் நிற்பவர் வேறு என்ற தெளிவு இருந்தால், ஒரே மனதில் கேள்விக்கும் நன்றிக்கும் இடம் இருக்கும்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1613-ல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. ஆனால் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கின்றன. நுழைவாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், கற்களில் நுணுக்கமான எழுத்துகள். எங்கிருந்தோ வந்து இங்கே இறந்தவர்களின் பெயர்களுக்கே இவ்வளவு கவனம். போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டி வணங்கியதும் நம் மரபுதான். இறந்தவரை மதிக்க நமக்குத் தெரியும். உயிரோடு திரும்பி வந்தவரை எப்படி மதிப்பது என்பதில்தான் நாம் இன்னும் கொஞ்சம் கற்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

டிசம்பர் 7, கொடிநாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளியில் சட்டையில் குத்திக்கொண்ட சின்னக் கொடி ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைகளின் நிறங்கள் அவை. அன்று சேரும் நிதி, போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் போகிறது. பிள்ளை கொடி வாங்கப் பணம் கேட்டால், எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

ஜனவரி 14, முன்னாள் படைவீரர் நாள். இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கே.எம். கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. தமிழ்நாட்டில் போகியோ பொங்கலோ வந்துவிடுவதால் கவனிக்காமல் போய்விடுகிறது. தெருவில் ஒரு முன்னாள் வீரர் இருந்தால், பொங்கல் பாத்திரத்தோடு அவர் வீட்டுக்கும் ஒருமுறை போய் வரலாம்.

கையில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் இளைஞர்கள் செய்யக்கூடியது இன்னும் பெரியது. ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் ஆண்டுதோறும் உயிர்ச்சான்று தர வேண்டும். 'ஜீவன் பிரமாண்' செயலி வழியாக அதை வீட்டிலிருந்தே முடிக்கலாம். ராணுவ ஓய்வூதியத்துக்கான 'ஸ்பர்ஷ்' இணையதளத்தில் பெயர், வங்கிக் கணக்கு விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். ஒரு மாலை நேரம் போதும். பெயரில் பிழை இருந்தால் கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுவது, பின்னால் ஒரு பெண்ணின் பல மாத அலைச்சலை மிச்சமாக்கும். வழி தெரியாதவர்களை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

கடை, பட்டறை, படகு, பண்ணை என்று எதை நடத்துபவராக இருந்தாலும், வேலை கேட்டு வரும் முன்னாள் வீரரிடம் "வாட்ச்மேன் வேலை இருக்கு" என்று சொல்வதற்கு முன், "படையில் என்ன வேலை பார்த்தீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இன்ஜின் மெக்கானிக், வயர்லெஸ், மருத்துவ உதவி, சமையல், கணக்கு என்று அவர் சொல்லும் பதிலில் உங்களுக்கே தேவையான திறமை ஒன்று இருக்கலாம்.

பாடு முறையில் ஒரு வீட்டுக்காரர் உடல்நலமில்லாமல் படுத்துவிட்டால், அவருடைய முறையை இன்னொருவர் பார்த்துக் கொடுத்தால், அதை அந்த வீடு மறப்பதில்லை. நம் எல்லோருடைய முறையையும் பல ஆண்டுகள் பார்த்துக் கொடுத்த ஒருவர், இப்போது நம் தெருவிலேயே இருக்கிறார். அவர் எந்த ஊரில், எந்தக் கப்பலில், எந்த மலையில் நின்றார் என்று இந்த வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்து, அவசரப்படாமல் கேளுங்கள்.